பஞ்சு பிடித்த மீனும் பால்மரத்துக் காயமும்

தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் விடியற்காலை அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. காலை நிகழ்ச்சிக்காகக் கோலாலம்பூரில் வானொலி நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படத்தில் அவருடைய லுவோ ஹான் மீன். அதன் விலாவில் பஞ்சை ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு. கூடவே ஒரு குரல் பதிவு: "பூஞ்சை புடிச்சிருச்சும்மா. என்ன மருந்து வாங்கட்டும்?"

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு ஈப்போவில் ஒரு தாமானுக்குக் குடிவந்தார். லயத்தில் இருந்தபோது கால்வாயில் சண்டை மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்த பழக்கம், தாமானில் நான்கடிக் கண்ணாடித் தொட்டியாக வளர்ந்தது. லுவோ ஹான், 1990களின் பிற்பகுதியில் நம் நாட்டில் கலப்பினமாக உருவாகிப் புகழ்பெற்ற மீன். நெற்றி புடைத்த அந்த மீனை அதிர்ஷ்டம் என்று வாங்கியவர்கள் பலர். அப்பாவுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு மணிக்கே விழித்துப் பழகிய மனிதர் அவர். அம்மா போன பிறகு, அந்த நேரத்தில் வீட்டில் அவரோடு விழித்திருக்கும் உயிர் அந்த மீன் ஒன்றுதான். எனக்கோ சனிக்கிழமைவரை ஊருக்குப் போக வழியில்லை.

என்ன மருந்து என்பதற்கு முன்னால், அது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். மீனின் உடலில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒரே நோயல்ல. உப்பைத் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் என்றால் அது வெண்புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அது தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி நீந்தும்போதுதான் மருந்தில் சாகும். புள்ளிகள் மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருவது அதனால்தான்.

வாயைச் சுற்றியோ, முதுகில் சேணம் போட்டதுபோலவோ சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்தால், அது கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். ஓரிரு நாளிலேயே கொன்றுவிடக்கூடியது அது. வெண்புள்ளிக்குத் தண்ணீரைச் சற்றுச் சூடாக்குவது உதவும். கொலம்னாரிஸுக்கு அதையே செய்தால் நோய் இன்னும் வேகமெடுக்கும். நோயைப் பிரித்தறியாமல் மருந்து வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். இழை இழையாக நீண்டு, தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது திட்டு. நாம் பூஞ்சை என்று சொல்லும் சாப்ரோலெக்னியாவின் அடையாளம் அது.

இந்தச் சாப்ரோலெக்னியா எங்கிருந்தோ புதிதாக வருவதல்ல. எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறது. மிஞ்சிய தீனி, செத்த முட்டை, உதிர்ந்த இலை ஆகியவற்றில் பிழைக்கிறது. மீனின் மேல் வழவழவென்றிருக்கும் படலம் கெடாதவரை அதனால் உள்ளே நுழைய முடியாது. காயம் முதலில், பஞ்சு பிறகு. அப்படியானால் காயம் எப்படி வந்தது?

தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகள் வீட்டைக் கழுவிய உற்சாகத்தில் தொட்டியையும் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் தன் உருவம் தெரிந்ததும் லுவோ ஹான் சண்டைக்குப் பாய்ந்து, பாறையில் உரசிக்கொண்டிருக்கிறது. அது வெளியே தெரிந்த காயம். தெரியாத கேடு ஃபில்டரில் இருந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை உடைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அமோனியா ஏறினால் மீனின் செவுளும் தோலும் வெந்து போகும்.

இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபடியே அமோனியா என்ற சொல்லைச் சொன்னேன். அப்பா குறுக்கிட்டார். "பால் கட்டிப்போகாம இருக்க ஊத்துவாங்களே, அதுவா? மூக்கைத் தூக்குமே!" அதேதான். ஆனால் தொட்டியில் மூக்குக்கு எட்டும் அளவு வருவதற்கு வெகு முன்பே மீன் செத்துவிடும். சோதனைத் திரவம் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு அவரே தொடர்ந்தார். "மழைக்காலத்துல ஈரப்பட்டையில உளி வச்சா, வெட்டுக் கோட்டுல கறுப்புக் கறுப்பா விழும்மா. மருந்து பூசுவோம். ஆனா முதல்ல வெட்டை நிறுத்தணும். காயத்தைப் புதுசு பண்ணிக்கிட்டே மருந்து பூசி என்ன பிரயோசனம்?" மழை நாளில் வெட்டு நின்றால் கூலியும் போகும் என்பது அவர் சொல்லாமல் விட்டது. ரப்பர் பட்டையில் அந்தக் கறுப்புக் கோடுகளைப் போடும் பைட்டோப்தோராவும் மீனில் பஞ்சாகும் சாப்ரோலெக்னியாவும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. அறிவியல்படி இரண்டுமே உண்மையான பூஞ்சைகள் அல்ல, ஈரத்தில் பெருகும் நீர்ப்பூசணங்கள். அப்பா தன் முப்பது ஆண்டு அனுபவத்தில் அறிந்த எதிரியின் சொந்தக்காரன்தான் தொட்டிக்குள் வந்திருந்தான்.

அதன் பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாறையை வெளியே எடுத்தார். கண்ணாடியின் வெளிப்பக்கம் செய்தித்தாள் ஒட்டினார். குளோரின் நீக்கும் மருந்து கலந்த தண்ணீரைக் கொண்டு தினமும் கால் பங்கு மாற்றினார். தீனியைக் குறைத்தார். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம்வரை கல்லுப்பு போடலாம். அப்பாவின் தொட்டியில் ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர். 400 கிராம் உப்பை இரண்டு நாளாகப் பிரித்து, கரைத்து ஊற்றினார். மாற்றிய தண்ணீருக்கு ஏற்ப உப்பையும் சேர்த்தார். தொட்டியில் செடி இருந்தாலோ, செதிலில்லாத கெளுத்தி வகை இருந்தாலோ உப்பில் கவனம் தேவை. மெத்திலீன் புளூ கொடுப்பதாக இருந்தால் தனி வாளியில் கொடுப்பது நல்லது, அது ஃபில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும். மலாக்கைட் கிரீன் வேலை செய்யும், ஆனால் நச்சுத்தன்மை உள்ளது. உணவு மீன்களுக்கு அதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பிள்ளைகள் கையில் படவே கூடாது.

நான் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது பஞ்சு பாதியாகியிருந்தது. அடுத்த வாரம் முழுவதும் மறைந்தது. காயத்தின் இடத்தில் செதில் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது.

பேராக்கில் இது ஒரு வீட்டின் கவலை மட்டுமல்ல. கிரியான் வயல்களுக்கு நீர் தர 1906இல் கட்டப்பட்ட புக்கிட் மேரா ஏரி, தங்க அரோவானாவின் தாயகம். அனைத்துலகச் சட்டம் காக்கும் அந்த மீனை, பண்ணையில் வளர்த்து, உடலில் மைக்ரோசிப் பதித்துத்தான் விற்கிறார்கள். அங்கே ஒரு செதிலின் காயமும் பணம். மீன் நோய்களுக்கென்றே மீன்வளத் துறை பினாங்கு பத்து மாவுங்கில் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. மூன்று நான்கு நாளில் குணம் தெரியாவிட்டால், அடுத்த போத்தலை வாங்குவதற்கு முன் மீன் நோய் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

நம் தோலையும் மறந்துவிடக் கூடாது. கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கைவிட்டால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி நுழையலாம். விரலிலோ கையிலோ வாரக்கணக்கில் ஆறாத கட்டி வந்தால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகம் வராமலே போகலாம்.

இப்போது தாமானில் யாருடைய மீனுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அப்பாவைத் தேடி வருகிறார்கள், கைத்தொலைபேசியில் படத்தோடு. "அங்கிள், என்ன மருந்து?" என்று கேட்கும் பையன்களை உட்காரவைத்து அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தண்ணிய எப்ப மாத்துன? எவ்வளவு மாத்துன?"