தோலோடு இசையும் மின்சுற்று

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே அமைந்தது மம்சாபுரம். அதனைச் சூழ்ந்த வட்டாரம் நூலால் வாழ்வது. இராசபாளையத்தில் நூற்பாலைகள் இயங்குகின்றன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுகிறது. காயத்தைக் காக்கும் அத்துணிக்கு, உடலின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலும் வாய்த்தால் எவ்வாறிருக்கும்? அவ்வினாவிற்கு விடை தேடும் துறைகளுள் ஒன்று நீளும் மின்னணுவியல்.

உடலும் உலோகமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அப்போது நோயாளியின் கைகளும் காலும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்ந்திருந்தன, அந்நீரே மின்முனையாயிற்று. அப்பணி அவருக்கு 1924இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. பின்னர்த் தோலில் ஒட்டும் வெள்ளி மின்முனைகள் வந்தன. எனினும் இடர் முற்றும் தீரவில்லை. மனிதத் தோல் ஏறத்தாழ 30 விழுக்காடு நீளவல்லது; சிலிக்கான் தகடோ 1 விழுக்காடு நீள்வதற்குள் விரிசலுறும். இவ்விரண்டும் ஒட்டி வாழ்வது எங்ஙனம்?

வளைவே வழி

விடை நாம் அணியும் பனியனில் உள்ளது. பருத்தி இழை மிகுதியாக நீளாது. அவ்விழையாற் பின்னிய பனியனோ நன்கு நீளும். கண்ணிகளின் வளைவே அதற்குக் காரணம். 2011இல் அமெரிக்காவின் ஜான் ரோஜர்சு குழுவினர், மெல்லிய மீள்படலத்தின்மேல் உலோகக் கம்பிகளைப் பாம்பின் நெளிவுபோல் அமைத்துத் தோலில் ஒட்டினர். படலத்தை இழுத்தால் நெளிவு விரிகிறது, உலோகம் அறுவதில்லை. அறைவெப்பத்திலும் நீர்மமாயிருக்கும் காலியம்-இண்டியம் கலவையை இரப்பர்க் குழல்களில் அடைப்பது மற்றொரு வழி.

பலமுறை வளைந்த கம்பி ஒருநாள் அறுதல் இயல்பு. அதற்கும் மருந்துண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சஞ்சீவ் சம்பந்தன் குழுவினர், மின்கடத்தா எண்ணெயில் செப்புத் துகள்களைக் கலந்து மின்பாதையின்மேல் வைத்தனர். பாதை அறுந்தால், அவ்விடைவெளியில் தோன்றும் மின்புலம் துகள்களை ஈர்த்துச் சங்கிலியாகக் கோத்துப் பாலமிடுகிறது.

பயன் யாருக்கு?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. வலிய ஒட்டுப்பட்டையை உரித்தால் தோலும் உடன் உரியும். கம்பியற்ற மென்படல உணரிகளை அத்தகைய குழந்தைகளிடம் பயன்படுத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. தாய் தன் குழந்தையைக் கம்பிகளின் தடையின்றி மார்போடு அணைக்கவும் அது வழிசெய்தது.

எனினும், ஆய்வகத்தில் பெற்ற வெற்றி மட்டும் போதாது. வியர்வையில் ஒட்டு நழுவும். விலை மிகுந்தால் பயன் சிலரோடு நின்றுவிடும். மம்சாபுரத்து வெயிலில் உழைப்பவரின் மேனியிலும் நிலைத்து, கட்டுத்துணிபோல் எளிய விலையில் கிடைக்கும்போதே இம்முயற்சி முழுமை பெறும்.