இடது ஸ்பீக்கரில் கோளாறு!

மதுரை - தேனி ரோட்டில் 31 வருடம் தனியார் பஸ் ஓட்டியவர் அவர். உசிலம்பட்டி தாண்டினால் இளையராஜா போட்டாக வேண்டும், இல்லையென்றால் வண்டி நகராது என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்களாம். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு மிஞ்சியது, மகன் காலேஜ் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்தான். டிவிக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன டப்பாக்களையும் ஒட்டி வைத்து, போனில் இருந்து பாட்டு கேட்பார். சவுண்டைக் கூட்டினால் ‘டொம் டொம்’ என்று கீழே இருக்கும் பெரிய டப்பா மட்டும் அதிரும். வயலின் எங்கே போனதென்று தெரியாது.

“வீடே அதிருது. ஆனா நான் கூப்பிட்டா மட்டும் காதுல விழாது” என்பது அவர் மனைவியின் பல வருடப் புகார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், பொங்கலுக்கு வந்தபோது நல்ல ஸ்டீரியோ வாங்கித் தருவதாகச் சொல்லி டவுன்ஹால் ரோட்டுக்கு அழைத்துப் போனான். கடையில் அப்பாவின் கண் போனது, ‘5,000 வாட்ஸ்’ என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டியின் மேல்.

“ஐயா, அது பி.எம்.பி.ஓ. கண் சிமிட்டுற நேரத்துக்கு வர்ற உச்சத்தை வச்சு போடுற கணக்கு. ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க, அதுதான் நெசம்” என்றார் கடைக்காரர். கடைசியில் வாங்கியது, ஒரு பக்கத்துக்கு 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் ஆம்ப்ளிஃபயரும், ஒரு ஜோடி மர ஸ்பீக்கர்களும். 34,000 ரூபாய். வீட்டம்மாவிடம் பாதி விலைதான் சொன்னார்கள். அதற்கே அவர் முகம் மாறியது.

மகன் பார்த்துப் பார்த்து வைத்தான். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆறடி. அப்பாவின் நாற்காலியும் இரண்டிலிருந்தும் அதே ஆறடி. உயரம், உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு. சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் குழம்பும் என்று ஒன்றரை அடி தள்ளி வைத்தான். மொசைக் தரை எதிரொலிக்கிறது என்று பரணில் கிடந்த ஜமக்காளத்தையும் விரித்தான்.

முதல் பாட்டு. பேஸே இல்லை, குரல் அந்தரத்தில் மிதந்தது. பின்னால் பார்த்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறியிருந்தன. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். மாற்றி மாட்டியதும் ஹாலே நிறைந்தது.

தமிழில் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவான முதல் படம் என்று சொல்லப்படும் ‘பிரியா’ (1978) பாடல்களைப் போட்டான் மகன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“டேய், லெஃப்ட்ல கோளாறு. துணி போட்டு மூடின மாதிரி இருக்கு.”

மறுபடியும் வயர்தான் என்று நினைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. இடது ஸ்பீக்கரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி வைத்தான். ஸ்பீக்கரில் கோளாறு என்றால் மந்தமும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை. ஆம்ப்ளிஃபயரில் இரண்டு பக்க வயர்களையும் மாற்றினான். அப்போதும் இடதுதான். நாற்காலியில் தானே உட்கார்ந்து கேட்டான். பாடகரின் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில் நின்றது.

“அப்பா, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்க.”

உட்கார்ந்தார். “இப்ப அந்த ஸ்பீக்கர் மந்தமா இருக்குடா” என்று கை காட்டியது, இவ்வளவு நேரம் நன்றாகக் கேட்ட ஸ்பீக்கரை. அது இப்போது அவருடைய இடது காதுப் பக்கம் இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போனை அப்பா எப்போதும் வலது காதில்தான் வைப்பார் என்பது மகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனார்கள். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கிராஃபில் இடது காதின் கோடு, கீச்சென்ற ஒலிகள் வரும் பக்கம் சரிந்து கிடந்தது. அவர் ஓட்டிய பழைய பஸ்களில் என்ஜின் டிரைவருக்கு இடது பக்கமே, பானெட்டுக்குள் உறுமிக்கொண்டிருக்கும். “அந்த இரைச்சலும் காரணமா இருக்கலாம். ஆனா ஒரு காதுல மட்டும் குறைஞ்சிருக்கிறதால வேற எதுவும் இல்லைன்னு ஸ்கேன் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்” என்றார் டாக்டர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

“இந்தக் காதுக்கு சத்தம் கேட்கும், வார்த்தை தெளிவா இருக்காது. ச, ஸ மாதிரி எழுத்துகள் எல்லாம் நழுவிடும்” என்று டாக்டர் விளக்கியபோது, மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் அந்த அம்மா உட்காரும் இடம், அடுப்படி வாசலை ஒட்டி, கணவருக்கு இடது பக்கம்.

காது மெஷினுக்கு அவர் இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. “கிழவன்னு போர்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்” என்கிறார். அடுத்த மாதம் சோதித்துப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை ஆம்ப்ளிஃபயரின் பேலன்ஸ் குமிழ் இடது பக்கம் கொஞ்சம் திரும்பியே இருக்கிறது.

மகன் ஊருக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். அவர் சவுண்டைக் குறைத்தார்.

“கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேட்டேங்க.”

“காலையிலேயே பண்ணிட்டேனே.”