சிவப்புன்னா இடப்பக்கமும் சிவப்புதானுங்க

போன வாரம் தக்காளி ஏத்திக்கிட்டு குட்டியானையில கோயம்புத்தூர் போனேனுங்க. சிக்னல்ல சிவப்பு. இடப்பக்கம் திரும்பறதுக்கு எதுக்கு நிக்கோணும்னு, ரொம்ப வருசமா பழகின நெனப்புல வண்டியை ஒடிச்சுட்டேன். முன்னால ஒரு வயசான அம்மா, பேரன் கையைப் புடிச்சு ரோட்டைக் கடந்துட்டு இருந்தாங்க. பிரேக்கை மிதிச்ச மிதியில ரெண்டு பெட்டி சரிஞ்சு தக்காளி ரோட்டுல உருண்டுச்சு. அந்தம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. பேரனை இழுத்து அணைச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. அதுதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

அங்கிருந்த போலீஸ்காரர் சொன்னார்: சிவப்பு எரிஞ்சா இடப்பக்கம் திரும்பறவங்களும் கோட்டுக்குப் பின்னால நிக்கணும். 'ஃப்ரீ லெஃப்ட்' போர்டோ, இடப்பக்கம் காட்டற பச்சை அம்புக்குறியோ இருந்தாத்தான் போகலாம். அப்பவும் நடந்து போறவங்களுக்கு வழி விட்டுட்டுத்தான்.

வாய்க்கால்ல நம்ம முறை வராம மடையைத் திறந்தா ஊரே சண்டைக்கு வரும். அந்த முறை தெரிஞ்ச நானே, ரோட்டுல இத்தனை நாள் அடுத்தவன் முறையில தண்ணி பாய்ச்சியிருக்கேன்.

இப்பெல்லாம் நிக்கிறேனுங்க. பின்னால ஹாரன் அடிக்கிற டவுன்காரங்களே, கொஞ்சம் பொறுங்க.