காண்போர் கடமை

ஆடுவோர் இருவர், ஆட்டுவிப்போர் பலர். நம்மூர்த் தெருக்களில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நோன்புக் காலத்து இரவுகளில், தராவீஹ் தொழுகை முடிந்த பின்னர், நாகூரில் எங்கள் தெருமுனை விளக்கின் கீழே பலகையைப் போட்டு நால்வர் அமர்வர். அவர்களைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்பர். “சிவப்பைப் போடு”, “அந்த மூலையை விட்டுவிடு” என்று எல்லாத் திசைகளிலிருந்தும் யோசனைகள் பறந்து வரும். காய் குழியில் விழுந்தால் யோசனை சொன்னவருக்குப் பெருமை; விழாவிட்டால் ஆடியவனுக்கு ஏச்சு. அது பொழுதுபோக்கு; அங்கே அதனைக் குற்றமென்று எவரும் கொள்வதில்லை. ஆயின் ஆடுவோர் சிறுபிள்ளைகளாக இருந்து, ஆட்டம் ஒரு போட்டியாகவும் இருந்துவிட்டால், சுற்றி நிற்கும் பெரியவர்களின் வாய்க்கும் கண்ணுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியதாகிறது. அந்த ஒழுங்கைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

லண்டன் மாநகரில் வாழும் என் மகளின் இல்லத்தில் ஆண்டுதோறும் சில திங்கள் தங்கி வருகிறேன். அங்கே என் பேரனுக்கு வயது ஒன்பது. அவனையும் அவன் வயதுப் பிள்ளைகளையும் ஆட்கொண்டிருப்பது போக்கிமான் அட்டை ஆட்டம். ஜப்பானில் 1996ஆம் ஆண்டு அக்டோபரில் விற்பனைக்கு வந்த இவ்வட்டைகள், 1999இல் ஆங்கில வடிவம் பெற்று அமெரிக்காவை எட்டின. 2004இல் ஒர்லாண்டோ நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 2022 ஆகஸ்டில் அப்போட்டி முதன்முறையாக வட அமெரிக்காவுக்கு வெளியே, லண்டன் எக்ஸெல் அரங்கில் நடைபெற்றது. பெரும் போட்டிகள் ஒருபுறமிருக்க, ஊர்தோறும் அட்டை விற்கும் சிறு கடைகளிலும் வார இறுதிகளில் போட்டிகள் நடக்கின்றன. பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நான் செல்வது இத்தகைய கடைகளுக்கே.

‘அட்டையா? சீட்டாட்டமா?’ என்று நம் வீட்டுப் பெண்மக்கள் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. அந்த ஐயம் எனக்கும் இருந்தது. ஆகவே பேரனிடமே பாடம் கேட்டேன். ஒரு குளிர்காலம் முழுவதும், மாலைதோறும் அவன் ஆசிரியனாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம். போட்டியில் பந்தயம் கட்டுதல் விதியால் விலக்கப்பட்டிருக்கிறது. ‘நீ தோற்றுக்கொடு, நான் இன்னது தருகிறேன்’ என்று பேரம் பேசுவோர் போட்டியிலிருந்தே நீக்கப்படுவர். நாணயத்தைச் சுண்டிப் போட்டு வெற்றியை முடிவுசெய்து கொள்வதற்கும் இடமில்லை. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரே என் மனம் அமைதியுற்றது.

ஆட்டத்தின் அமைப்பையும் சிறிது சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டினைத் தாமே தேர்ந்து அமைத்துக்கொள்ள வேண்டும். அடிப்படை ஆற்றல் அட்டைகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் இருத்தல் ஆகாது. கையில் 7 அட்டைகளோடு ஆட்டம் தொடங்கும். தனியே கவிழ்த்து வைத்த 6 பரிசு அட்டைகளை, எதிரியின் போக்கிமான்களை வீழ்த்தி வீழ்த்தி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறினையும் முதலில் எடுத்தவர் வென்றவர். ஒவ்வொரு தாக்குதலுக்கும் இத்தனை ஆற்றல் வேண்டுமென்ற கணக்குண்டு. ஆனால் ஒரு முறைக்குக் கையிலிருந்து ஓர் ஆற்றல் அட்டையைத்தான் இணைக்கலாம். பின்னே நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு இந்த ஒரு விதி போதும்.

ஒன்பது வயதுப் பிள்ளை இத்தனை விதிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, 30 நிமிடத்தில் ஓர் ஆட்டத்தை முடிக்க வேண்டும். நேரம் முடிந்ததென்று அறிவிக்கப்பட்ட பின் எஞ்சுவன மூன்று முறைகளே. சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டெனினும், சிறு கடைகளில் வருவோர் தொகை குறைந்தால் எல்லாப் பிரிவினரையும் சேர்த்தே ஆடவைப்பர். எட்டு வயதுச் சிறுமியும் முப்பது வயது இளைஞனும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்வதைக் கண்டிருக்கிறேன். ஆகவே தவறுகள் நேரவே செய்யும். பரிசு அட்டையை எடுக்க மறந்துவிடுவர்; ஓர் அட்டை எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடுத்துவிடுவர். இவற்றைச் சீர்செய்யவே நடுவர் இருக்கிறார்.

நடுவரின் பணி என்ன என்பதில்தான் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். திறமையாளனை வெல்லவைப்பது அவர் பணியன்று. தோற்பவனுக்கு இரங்குவதும் அவர் பணியன்று. விதி மீறப்பட்டால் தடுத்து, ஆட்டத்தை இயன்றவரை அதன் நேர்நிலைக்கு மீட்டுத் தருவதே அவர் பொறுப்பு. ஒரு பிள்ளை விதிக்கு உட்பட்டே மதியற்ற ஆட்டம் ஆடினால், அவர் கண்ணெதிரே நடந்தாலும் வாய்திறவாது நிற்க வேண்டும். தண்டனையும் படிப்படியானது: முதலில் நினைவூட்டல், அடுத்து எச்சரிக்கை, அதன்மேல் பரிசு அட்டை இழப்பு, ஆட்ட இழப்பு, இறுதியாக நீக்கம். இளம் பிரிவினரிடம் மென்மை காட்டுதல் மரபு. தீர்ப்பில் மனம் ஒப்பாத பிள்ளை தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் சொல்லே முடிவானது. அந்த உரிமை ஆடும் பிள்ளைக்கு உரியது. பின்னால் நிற்கும் தந்தைக்கு உரியதன்று.

இனி, காண்போர் கடமைக்கு வருகிறேன். அது இரண்டு பகுதிகளை உடையது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். முதலாவது மௌனம். ஆட்டத்தின் போக்கைக் குறித்துச் சொல்லாலோ சாடையாலோ பிள்ளைக்கு எதுவும் உணர்த்தலாகாது. இரண்டாவது சாட்சியம். விதி மீறப்பட்டதைக் கண்டால் அதனை மறைக்கலாகாது. ஆனால் ஆடுவோரிடம் கூவாமல் நடுவரிடம் சென்று சொல்ல வேண்டும். சதுரங்க உலகிலும் இதுவே நெறி. முறைகேட்டினைக் கண்டவர் நடுவரிடம் மட்டுமே தெரிவிக்கலாம் என்றும், பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடலாகாது என்றும், தலையிடுவோரை நடுவர் வெளியேற்றலாம் என்றும் அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதிகள் வகுத்துள்ளன. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் குகேஷ் தமது 18ஆம் வயதில் உலகப் பட்டம் வென்றபோதும் இந்நெறியே நின்றது.

மௌனம் எளிதன்று. ஒருநாள் ஒரு தந்தையைக் கண்டேன். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகன் சரியான அட்டையைத் தொட்டால் மூச்சை விடுவார். தவறானதைத் தொட்டால் தொண்டையைச் செருமுவார். அந்தச் சிறுவன் தன் கையிலிருந்த அட்டைகளைப் பார்ப்பதைவிடத் தந்தையின் முகத்தையே மிகுதியாகப் பார்த்தான். நடுவராக இருந்த பெண்மணி அவரருகே சென்று, ஒருவர் காதுக்கும் எட்டாதபடி ஏதோ சொன்னார். தந்தை அறையின் மறுகோடிக்குச் சென்றார். பையன் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்; முகம் தென்படவில்லை. பிறகு குனிந்து தன் அட்டைகளைப் பார்க்கத் தொடங்கினான். அன்று அவன் வென்றானா தோற்றானா என்று நான் கவனிக்கவில்லை. அந்த ஆட்டம் அவனுடையதாயிற்று என்பதை மட்டும் கண்டேன்.

சாட்சியமோ மௌனத்தினும் கடினமானது. அது என் தலைமேலேயே வந்து நின்றது.

அன்றைய கடைசிச் சுற்று. என் பேரனுக்கு எதிரே அவனைவிட ஓராண்டு மூத்த ஒரு சிறுமி. இருவருக்கும் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பரிசு அட்டை. பேரன் தன் முறையின் தொடக்கத்தில் ஓர் ஆற்றல் அட்டையை இணைத்தான். பிறகு கட்டினைத் தேடினான், கலைத்தான், வேறு இரண்டு அட்டைகளை ஆடினான். இத்தனைக்கும் நடுவே, முன்னர் இணைத்தது அவன் நினைவிலிருந்து நழுவிவிட்டது. கையிலிருந்து இன்னோர் ஆற்றல் அட்டையை எடுத்து இணைத்தான். வஞ்சம் ஏதுமில்லை, மறதிதான். அந்தச் சிறுமியும் கவனிக்கவில்லை. அந்தத் தாக்குதல் நிறைவேறினால் கடைசிப் பரிசு அட்டை அவன் கைக்கு வந்துவிடும். கண்டவன் நான் ஒருவன். என் பக்கத்தில் நின்ற என் மகள் கைப்பேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் நடுவரிடம் நடந்தேன். பத்து எட்டுகூட இராது. கண்டதைச் சொன்னேன். அவர் விரைந்து சென்று, மேசையருகே முழந்தாளிட்டு, பிள்ளைகளின் கண்மட்டத்திற்குத் தம் முகத்தைக் கொண்டுவந்தார். “இந்த முறையில் எத்தனை ஆற்றல் அட்டை இணைத்தாய்?” என்று கேட்டார். பேரன் மேசையைப் பார்த்தான். விரலால் எதையோ தொட்டுத் தொட்டு எண்ணினான். அவன் முகம் மாறியது. “இரண்டு” என்றான். இரண்டாவது அட்டை அவன் கைக்குத் திரும்பியது, எச்சரிக்கை பதிவாயிற்று. போதிய ஆற்றலின்றித் தாக்க முடியாமல் அவன் முறை முடிந்தது. அடுத்த முறையில் அந்தச் சிறுமி வென்றாள்.

பேருந்தில் திரும்பும்போது அவன் கேட்டான்: “நன்னா, நீங்கதானே போய்ச் சொன்னீங்க?”

“ஆமாம், வாப்பா.”

அதன்பின் வீடு வரும்வரை சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். இரவு மகள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். “அத்தா, அந்தப் பொண்ணு பாத்துக்க வேண்டியது அவ பொறுப்பு. அவளுக்கும் ஆளுங்க வந்திருந்தாங்க. நம்ம புள்ளைய நாமளே காட்டிக் கொடுக்கலாமா?”

அவள் கேள்வியைப் புறக்கணிக்க இயலாது. எதிரியின் ஆட்டத்தைக் கவனிப்பதும் ஆடுவோரின் பொறுப்புத்தான். ஆயினும், கவனிக்கத் தெரிந்தவருக்கே நியாயம் என்றால், எட்டு வயதுப் பிள்ளை முப்பது வயதினரிடம் என்ன நியாயத்தைப் பெறும்? நம் பிள்ளை ஏமாற்றப்படும்போது நடுவரை அழைப்போம். நம் பிள்ளைக்கு ஆதாயமாயின் கூரையைப் பார்ப்போம் என்றால், நாம் அங்கே சென்றது பார்வையாளராக அன்று, கட்சிக்காரராகத்தான். உறவினருக்கு எதிராயினும் சாட்சியம் பிறழலாகாது என்று நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தப் பாடம் ஓர் அட்டை மேசையில் செல்லாதென்றால், பெரிய மேசைகளில் எப்படிச் செல்லும்? மகளிடம் இதனைச் சொன்னேன். அவள் ஒப்பவுமில்லை, மறுக்கவுமில்லை. “அவன் அழுதத நீங்க பாக்கல, அத்தா” என்று மட்டும் சொன்னாள்.

காட்டிக் கொடுத்தேன் என்று நான் எண்ணவில்லை. நடுவர் கேட்ட கணத்தில், அவன் நினைத்திருந்தால் ‘ஒன்று’ என்று சொல்லியிருக்கலாம். எண்ணிப் பார்த்து ‘இரண்டு’ என்றானே, அந்தச் சொல் அவனுடையது. நான் சொல்லாதிருந்தால் அவனுக்கு ஒரு வெற்றி கிடைத்திருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பு கிடைத்திராது. ஆனால் இதனை அவனிடம் நான் விளக்கவில்லை. ஒன்பது வயதில் தோல்விக்குப் பொருள் உரைப்பது புண்ணில் விரல் வைப்பதாகும்.

மறுவாரம் போட்டிக்குப் புறப்படும்போது அவன் என்னைத் தடுக்கவில்லை. கடை வாசலில் ஒரு நிபந்தனை விதித்தான்: “நன்னா, நீங்க என் மேசைகிட்ட நிக்காதீங்க. அந்தப் பக்கம் நில்லுங்க.” அவன் காட்டிய இடத்திலேயே நின்றேன். கோபத்தால் சொன்னானோ, தனித்து ஆட விரும்பினானோ, நான் கேட்கவில்லை. எக்காரணமாயினும் அது அவன் கேட்கத் தகுந்த உரிமை.

பெரிய அரங்குகளில் பெற்றோரைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துகின்றனர். அதனை அவமதிப்பாகக் கருதிச் சினப்போரும் உண்டு. ஆயின் அத்தடுப்பு, அதனுள் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன் மதியால் வெல்லவும், தன் பிழையால் தோற்கவும் ஓரிடம் ஒதுக்கித் தருகிறது. வீட்டில் அவன் உடுப்பதையும் உண்பதையும் படிப்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். அரைமணி நேரம் ஒரு சிறு மேசையேனும் அவன் ஆளுகையில் இருக்கட்டும்.

பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கும் பாட்டனார்க்கும் நான் சொல்ல விழைவது இதுவே. அது அட்டையாயினும் சதுரங்கமாயினும் பேச்சுப் போட்டியாயினும், பிள்ளையின் முகம் நம் முகத்தை நாடாத தொலைவில் நிற்போம். தீர்ப்பு எதிராக வந்தால் நடுவரோடு வழக்காடாதிருப்போம். இன்று நாம் அவரிடம் பேசும் தொனியில்தான் நாளை நம் பிள்ளை தன் ஆசிரியரிடம் பேசுவான். பிழை கண்டால், அது எவர் பக்கத்ததாயினும், நடுவரிடம் மெல்லச் சொல்லிவிட்டு நம் இடத்திற்குத் திரும்புவோம். வீடு திரும்பும் வழியில், ‘ஏன் அப்படி ஆடினாய்?’ என்று கேட்குமுன், ‘பசிக்கிறதா?’ என்று கேட்போம்.