இடது பக்கம் திரும்பினால் இருட்டு!

பழைய ஸ்கூட்டர் வாங்குவது, ஏற்கெனவே நாலு குடும்பம் இருந்துவிட்டுப் போன வாடகை வீட்டுக்குக் குடிபோவது மாதிரி. எந்தக் குழாய் சொட்டும், எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்பதெல்லாம் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரியும். இன்ஜின் கோளாறாவது பரவாயில்லை, சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். கரண்ட் கோளாறு இருக்கிறதே, அது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. மெக்கானிக் எதிரில் சமர்த்தாக இருக்கும். நாம் தனியாக மாட்டும்போது சுயரூபம் காட்டும்.

எங்கள் வீட்டு வண்டி கியர் இல்லாத 2012 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், குற்றம் கம்பெனி மேல் இல்லை. முன்னாள் ஓனர் ஒரு கலா ரசிகர். வண்டியைச் சுற்றி நீல லைட்டுகள், பிரேக் பிடித்தால் பாட்டுப் பாடும் பெட்டி என்று சப்பரம் ஜோடித்திருக்கிறார். விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டார். வயர்களை மட்டும் நமக்கு நினைவுப் பரிசாக விட்டுவிட்டார். சீட்டைத் தூக்கினால் இடியாப்பம்!

இந்த வண்டியில் போய் வருவது நானில்லை, என் மனைவி. பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு லேபில் வேலை. ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் வர வேண்டும். ஒரு பக்கம் சதுப்பு நிலம். ரோட்டில் நமக்கு முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு லாரி.

ஒரு வாரமாகத் தினமும் முக்கால் மணி நேரம் லேட். கேட்டால், "டிராஃபிக்" என்பாள். எட்டாம் நாள் செருப்பெல்லாம் சேறு.

"ஹெட்லைட் அணைஞ்சு அணைஞ்சு போகுதுங்க. பின்னால லாரி வருது. செல்ஃபும் எடுக்கலை. பயமா இருந்துச்சு. ஓரமா தள்ளிக்கிட்டே வந்துட்டேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மூன்று மெக்கானிக்குகளிடம் டெண்டர் கேட்டேன். முதலாமவர் வண்டியைத் தொடாமலே, "பேட்டரி போச்சு சார்" என்றார். இரண்டாமவர், "ஆர்.ஆர். யூனிட்." மூன்றாமவர் தாராள மனசுக்காரர். "மொத்த வயரிங் கிட்டையும் மாத்திடலாம். பேட்டரி, ஆர்.ஆர். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள்ள முடிச்சுடலாம்."

கூட வந்த மனைவி குறுக்கிட்டாள். "அண்ணே, எப்பவும் அணையறதில்லை. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பறப்பதான் அணையுது."

அவர் சிரித்தார். "வண்டிக்கு இடது, வலது எல்லாம் தெரியாதும்மா."

ஏழாயிரத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நான் பி.காம். எனக்கும் கரண்டுக்கும் உள்ள சம்பந்தம் இ.பி. பில் கட்டுவது ஒன்றுதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பாடம்தான் சார். 1494-ல் வெனிஸில் லூகா பாசியோலி என்ற துறவி அச்சிட்ட கணிதப் புத்தகத்தில் இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கினார். 1800-ல் அலெஸாண்ட்ரோ வோல்டா, தான் செய்த பேட்டரியை உலகத்துக்கு அறிவித்தார். 1946-ல் வந்த வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தவர் கொராடினோ தாஸ்கானியோ. மூவரும் இத்தாலிக்காரர்கள். கணக்கு, கரண்ட், ஸ்கூட்டர் மூன்றும் ஒரே ஊர்ச் சரக்கு!

கணக்கில் பற்று இருந்தால் வரவு இருந்தே ஆக வேண்டும். கரண்டும் அப்படியே. பிளஸ்ஸில் கிளம்பியது, வேலையை முடித்துவிட்டு மைனஸுக்குத் திரும்பி வர வேண்டும். ஸ்கூட்டரில் திரும்பி வருகிற பாதை பெரும்பாலும் வண்டியின் இரும்பு பாடிதான். அதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். பல்பு எரியவில்லை என்றால் போகிற வழி அறுந்திருக்கலாம், திரும்புகிற வழியும் அறுந்திருக்கலாம். நம் ஆட்கள் போகிற வழியை மட்டுமே பார்ப்பார்கள்.

ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆடிட்டிங் ஆரம்பம்.

முதல் வேலை, பேட்டரி. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால் 12.6. சும்மா நிற்கிற வண்டியில் 12.6 என்றால் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கிறது என்று அர்த்தம். 12-க்குக் கீழே என்றால்தான் கவலை. அடுத்து, வண்டியை வெளியே கொண்டுபோய் சென்டர் ஸ்டாண்டு போட்டு (பின் சக்கரம் சுற்றும், மறந்துவிடாதீர்கள்), கிக்கரில் ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். மீட்டர் 14-ஐத் தொட்டது. அதாவது சார்ஜ் ஏறுகிறது. ஆர்.ஆர். யூனிட்டும் நிரபராதி. பத்தே நிமிஷத்தில் இரண்டு டெண்டர் ரத்து!

அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கவில்லை? பட்டனை அழுத்தினால் உள்ளே ரிலே 'டிக்' என்கிறது, அவ்வளவுதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் பாடியிலும் வைத்துக்கொண்டு, "இப்ப அழுத்து" என்றேன். இரண்டும் ஒரே எர்த்தான் என்பதால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியதோ 3 வோல்ட்! பன்னிரண்டில் மூன்று வழியிலேயே காணோம். எங்கள் பாஷையில் இதற்குக் கையாடல் என்று பெயர்.

எர்த் வயர் பாடியில் முடுக்கியிருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்தால் பச்சை பூத்துக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவினேன். பட்டனை அழுத்தியதும் வண்டி உறுமியது. செலவு, உப்புத்தாள் 10 ரூபாய். வாஸலைன் மனைவியின் உபயம்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் இருக்கும்போது பிளஸ்ஸைத் திருகுகிற ஸ்பானர் பாடியில் பட்டால் தீபாவளிதான்.

தீபாவளி என்றதும் ஃப்யூஸ் ஞாபகம் வருகிறது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கலா ரசிகரின் கைவண்ணம், சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள்! ஃப்யூஸ் என்பது நமக்குப் பதிலாகச் சாவதற்கென்றே வைத்திருக்கும் சின்னக் கம்பி. ஷார்ட் ஆனால் அது உருகும், வயர் பிழைக்கும். அங்கே ஜிகினாத் தாளைச் சுற்றி வைத்தால் தாள் பத்திரமாக இருக்கும், வயர் உருகும். சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்க். அதன் மேல்தான் என் மனைவி தினம் உட்கார்ந்து போகிறாள். ஒரு நிமிஷம் கை நடுங்கிவிட்டது சார். உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ இல்லையோ, இன்று ஒரு தடவை ஃப்யூஸைத் திறந்து பாருங்கள். வண்டிப் புத்தகத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதே ஆம்பியர். 10 போட்டிருந்தால் 10-தான், 'இருக்கட்டுமே' என்று 20 போடக் கூடாது.

பாக்கி இருந்தது ஹெட்லைட். இன்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் போட்டால் ஹெட்லைட் எரியவில்லை. இன்ஜின் ஓடினால் எரிகிறது, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் பிரகாசம் கூடுகிறது. இந்த மாதிரிப் பழைய மாடல்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மேக்னட் காயிலிலிருந்து நேரடி சப்ளை. அதற்கும் பேட்டரிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பேட்டரியைப் பத்துத் தடவை மாற்றினாலும் அந்த ரோட்டில் அதே இருட்டுதான். (2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரியும். அதற்கு முந்தைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.)

"இடது பக்கம் திருப்பறப்ப" என்று அவள் சொன்னதுதான் கையில் இருந்த ஒரே சாட்சி. ஹேண்டில் திரும்பும்போது வண்டியில் வேறென்ன அசைகிறது? கழுத்து வழியாகப் போகும் வயர்க் கட்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஹெட்லைட்டுக்குப் போகிற வயரை இரண்டு முனையிலும் சாக்கெட்டிலிருந்து பிரித்தேன். மீட்டரை 'பீப்' அடிக்கிற இடத்தில் வைத்து, இரண்டு முனையிலும் மாட்டினேன். பீப் என்று ஒரே சீராகச் சத்தம். மனைவி ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினாள். பீப் தொடர்ந்தது. இடது பக்கம் திருப்பினாள்.

நின்றது!

மறுபடி நேராக்கினாள். பீப். இடது. மௌனம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டிக்கு இடது, வலது நன்றாகவே தெரிந்திருக்கிறது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

டேப்பைப் பிரித்துப் பார்த்தால் மேலுறை முழுசாக இருக்கிறது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நேராக இருக்கும்போது மட்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி அறும். அதனால் வளைகிற பகுதி முழுவதற்கும் அதே தடிமனில் புது வயர், திரும்புவதற்குத் தாராளமாக நீளம், வளைவைத் தாண்டிய இடத்தில் ஜாயின்ட். சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டுக் கொடுத்தவர் பக்கத்துத் தெரு டி.வி. ரிப்பேர்க்காரர். இடியாப்பத்தையும் அவரே முனை முனையாகப் பிரித்து எடுத்துவிட்டார்.

எல்லா வண்டியிலும் இப்படிக் கை வைத்துவிடாதீர்கள். 2020-ல் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு வரும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் இன்ஜினைக் கவனிக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதன் வயர்களைக் குத்திப் பார்த்தால் ஏழாயிரத்தில் முடியாது. ஃப்யூஸ், பேட்டரி முனை, எர்த் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. விடும்போது ஒன்று கேளுங்கள். "எதை மாத்தணும்?" என்று அல்ல. "எதை அளந்து பாத்தீங்க?" என்று.

மொத்தச் செலவு: மீட்டர் 350, உப்புத்தாள் 10, ஃப்யூஸ் இரண்டு 20 (ஒன்று ஸ்பேர்), வயரும் சால்டரும் 150. ஆக 530 ரூபாய். கணக்கு எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் இப்போது பத்து மணிக்குள் வீட்டில் இருக்கிறாள். டிராஃபிக் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்கள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, "சார், கொஞ்சம் பாருங்களேன்" என்கிறார்கள். பி.காம். படித்துப் பதினாலு வருஷம் கழித்து, படிப்புக்கேற்ற வேலை கிடைத்திருக்கிறது!