யாருடைய மகன்?

சென்ற தவணை முடிவில் உயர்தர வகுப்பு மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். தாம் விரும்பிப் படித்த கதையொன்றில், மாற்றப்பட வேண்டியதெனத் தமக்குத் தோன்றும் பகுதியை மாற்றி எழுதி, அம்மாற்றத்துக்கான நியாயத்தையும் கூறுமாறு கேட்டிருந்தேன். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' படிப்பித்து முடித்த வாரம் அது. சீதையைத் தீக்குளிக்கச் செய்தவன் இராமனே என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிவிடும் அந்த முடிவு வகுப்பைச் சற்றே உலுக்கியிருந்தது. ஆகவே கோவலனும் கர்ணனும் நந்தனும் கொப்பிகளில் நிறைந்திருப்பர் என எதிர்பார்த்தேன். முப்பத்தொரு கொப்பிகளுள் பதினொன்றில் இருந்தவன் ஒரு யப்பானியச் சிறுவன். நருட்டோ என்பது அவன் பெயர்.

முதலில் எனக்கு எரிச்சலே உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் செய்யுளுக்கு உரை காணப் பழகிய ஒருவனுக்கு, மஞ்சள் மயிரும் செம்மஞ்சள் உடுப்புமாகப் பாய்ந்து திரியும் ஒரு நிஞ்ஜாச் சிறுவனின் சித்திரக்கதை, இலக்கியத்தின் வாசற்படிக்கும் வரத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆயினும் அப்பதினொரு கொப்பிகளிலும் மற்றைய இருபதிலும் இல்லாத ஒன்று இருந்தது. மாணவர் அங்கே கோபத்தோடு எழுதியிருந்தனர். கோபத்துக்குக் காரணமும் காட்டியிருந்தனர். கர்ணனைப் பற்றி எழுதியவர்கள் என்னுடைய குறிப்புகளைத்தான் எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள். விடுமுறையில் அக்கதையை நானும் படிக்கலானேன்.

படிக்காதவர் பொருட்டுச் சிறிது கூற வேண்டும். மசாஷி கிஷிமொட்டோ என்பவர் 1999 தொடக்கம் 2014 வரை ஷூயெய்ஷா நிறுவனத்தாரின் 'வாராந்த ஷொனென் ஜம்ப்' என்னும் சிறுவர் சஞ்சிகையில் இதனை வரைந்து எழுதினார். 700 அத்தியாயங்கள், நூலுருவில் 72 தொகுதிகள். கொனோஹா என்பது கூலிக்குப் போர்த்தொழிலும் ஒற்றுத்தொழிலும் செய்யும் நிஞ்ஜாக்களின் ஊர். ஒன்பது வால்கள் கொண்ட நரியொன்று அவ்வூரை அழிக்க வந்த இரவில், அதனை ஒரு கைக்குழந்தையின் உடலில் அடைத்து ஊரைக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றப்பட்ட ஊர் அந்தக் குழந்தையை வெறுக்கிறது. தாய் தந்தையற்ற அவனோடு விளையாட வேண்டாமெனப் பெரியோர் தம் பிள்ளைகளைத் தடுக்கின்றனர். அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். ஏனென்று அவனுக்கு எவரும் சொல்வதுமில்லை. அவனோ 'ஹொக்காகே' எனப்படும் ஊர்த்தலைவனாக ஒருநாள் வந்தே தீருவேன் என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு திரிகிறான்.

இத்தகைய தொடக்கமுள்ள கதையை எம்மூர்ப் பிள்ளைகள் ஏன் கைவிடாமல் படித்தனர் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அடுத்த தவணையின் முதல் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இந்த விவாதத்துக்கே ஒதுக்கினேன். மாற்றங்கள் பலவகையின. நருட்டோ ஹினாட்டாவை மணந்தது பிழை, சக்குராவையே மணந்திருக்க வேண்டும் என்ற வழக்கை ஐந்து நிமிடத்தில் தள்ளுபடி செய்தேன். அதற்காக ஒரு மூலையில் எழுந்த முணுமுணுப்பு இன்றும் அடங்கவில்லை. கதை முழுவதும் வளர்ந்துவந்த மதாரா என்னும் பகைவனை ஒதுக்கிவிட்டு, முடிவில் வானத்திலிருந்து வந்தாற்போல் ககுயா என்றொரு தெய்வப்பெண்ணைக் கொண்டுவந்தது கட்டுக்கோப்பைக் குலைத்தது என்ற வாதம் நியாயமானது. உச்சிஹா குலத்தார் ஓரிரவில் கொன்றொழிக்கப்பட்டதற்கு ஊர்ப் பெரியோரின் இரகசியக் கட்டளையே காரணம் என்ற உண்மை, கதை முடியும்வரை ஊரறிய உரைக்கப்படவில்லை. அதனை உரைக்கும் அத்தியாயமொன்று வேண்டும் என்று நால்வர் எழுதியிருந்தனர். அதைப்பற்றி வகுப்பில் எவரும் அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

விவாதம் சூடேறியது நருட்டோவின் பிறப்பைப் பற்றித்தான்.

கதையின் பிற்பகுதியில் அவன் நான்காவது ஹொக்காகேயின் மகன் என்பது வெளியாகிறது. முடிவு நெருங்குகையில் அதுவும் போதாதென்று, நிஞ்ஜாக் கலையைத் தோற்றுவித்த ஆதி முனிவரின் இளைய மகனது மறுபிறப்பே அவன் எனவும் கூறப்படுகிறது. இந்த இரண்டையும் அடியோடு வெட்டிவிட வேண்டும் என்று கடைசி வாங்கில் இருக்கும் மாணவனொருவன் எழுதியிருந்தான். வகுப்பில் வாய் திறவாதவன். அன்று எழுந்து நின்று சொன்னான்: "சேர், அவன் தலைவற்றை மகனெண்டு வந்த அண்டைக்கே எனக்கு வெறுத்துப்போச்சு. அவ்வளவு நாளும் அவன் ஒருத்தற்றை மகனும் இல்லையெண்டுதானே நான் வாசிச்சனான்."

முன்வரிசைக்காரன் ஒருவன் மறுத்தான். தந்தை யாரென்பது ஊருக்குத் தெரியாது. பட்ட அவமானம் அவ்வளவும் அவன் பட்டதுதான். மூன்று முறை பரீட்சையில் தோற்றவனும் அவன்தான். தந்தையின் பெயர் அவனுக்கு ஒருவேளைச் சோறும் போடவில்லை. ஆகவே அவன் முயற்சி முயற்சியே என்பது அவன் வாதம். அது வலிமையற்ற வாதமன்று. நட்பு, முயற்சி, வெற்றி என்னும் மூன்று சொற்களையே அந்தச் சஞ்சிகையும் தன் கொள்கையாகக் கூறிவந்தது. ஆயின் முயற்சியால் மட்டுமே ஒருவன் உயர்ந்தான் என்று சொல்லி முடிக்க எழுத்தாளனுக்குத் துணிவு வரவில்லையே! உயர்ந்தவன் இறுதியில் உயர்ந்த குடியிற் பிறந்தவனாகக் காணப்பட்டால், படிப்பவன் மனத்தில் எஞ்சுவது எது?

இது யப்பானியருக்கு மாத்திரம் உரிய நோயன்று. அரங்கேற்றக் களத்தில் குலம் யாதென வினவப்பட்டுத் தலைகுனிந்த கர்ணனைத் தேரோட்டியின் மகனாகவே வாழவிட நம் இதிகாசத்துக்கும் மனமில்லை. அவன் சூரியனின் புதல்வன், குந்தியின் தலைமகன். நந்தனைத் தீயில் மூழ்குவித்து, மறையவர் கோலத்தில் எழச் செய்த பின்னரே பெரியபுராணம் தில்லைக்குள் அனுப்புகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் அதே கதைக்குள் ஒரு வேதியப் பண்ணையாரைப் புகுத்தியபோதும், புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதியபோதும், பழங்கதை தம் காலத்துக்கு விடை கூறவில்லை என்ற உணர்வே அவர்களைத் தூண்டியிருத்தல் வேண்டும். அவர்கள் செய்தால் இலக்கியம், கடைசி வாங்கு மாணவன் செய்தால் விளையாட்டு என்று நான் எப்படிக் கூறுவது?

கிஷிமொட்டோ மீது பழி முழுவதையும் சுமத்துவதும் நேர்மையாகாது. தொடருக்கு முன்னோடியாக 1997இல் அவர் வெளியிட்ட சிறுகதையில் நருட்டோ நரியின் மகனாகவே இருந்தான். பேயென ஒதுக்கப்பட்டவன் பேயின் மகனேதான். தொடரில் அவன் நரியைச் சுமக்கும் மனிதக் குழந்தையானான். பின்னர் தலைவனின் மகனானான். அப்பால் முனிவரின் வழித்தோன்றலானான். ஆக, பிறப்பை முதலில் மாற்றி எழுதியவர் ஆசிரியரேயாவர். ஒவ்வொரு மாற்றத்திலும் சிறுவன் ஒருபடி மேலே ஏற்றப்பட்டான் என்பது மனங்கொளத்தக்கது.

அவர் எழுதிய சூழலையும் நோக்க வேண்டும். கிழமைதோறும் ஏறத்தாழ இருபது பக்கம். உதவியாளரை வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டு இடையறாத உழைப்பு. சஞ்சிகையுள் ஒரு தபாலட்டை இருக்கும். தமக்குப் பிடித்த மூன்று தொடர்களை வாசகர் அதிற் குறித்து அனுப்புவர். தொடர்ந்து பின்தங்கும் தொடர் நிறுத்தப்படும். இத்தொழிற்சாலையில், வெற்றிபெற்ற கதை முடிய வேண்டிய இடத்தில் முடிவதில்லை. பகைவனுக்குப் பெரிய பகைவனும் நாயகனுக்குப் பெரிய பிறப்பும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. இப்படி நான் வகுப்பில் விளக்கியபோது, "அப்ப வாசிக்கிற ஆக்கள்தான் முதலே திருத்தினவை, சேர்" என்றாள் ஒரு மாணவி. தபாலட்டையும் ஒரு வகைத் திருத்தமே என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

ஈண்டு என்னைப்பற்றியும் ஒன்று கூற வேண்டும். இரண்டாண்டுக்கு முன், நான் முன்பு படிப்பித்த பாடசாலை ஒன்றில், கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்ற மாணவன் ஒருவனின் பெயரை ஆசிரியர் ஓய்வறையில் வாசித்தேன். நல்ல கட்டுரை. எவரும் கட்டுரையைப்பற்றிக் கேட்கவில்லை. "ஆற்றை பெடியன்?" என்று கேட்டார் மூத்தவர் ஒருவர். அக்கேள்வி எதைக் கேட்கிறது என்பது யாழ்ப்பாணத்திலே பிறந்த எனக்குத் தெரியும். தெரியாதென்று சொல்லியிருக்கலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். நான் அவனுடைய குறிச்சியின் பெயரைச் சொன்னேன். அவர் "ஓகோ" என்றார். அதற்குமேல் எவரும் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். மேடையிலே முற்போக்கு பேசுகிறவன் நான். அந்த "ஓகோ"வுக்கு வழி திறந்துவிட்டவனும் நானே.

ஆகவே, 'ஒருத்தற்றை மகனும் இல்லையெண்டுதானே வாசிச்சனான்' என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தபோது, அதனைச் சித்திரக்கதை பற்றிய கருத்தாக மட்டும் என்னாற் கேட்க முடியவில்லை.

அடுத்த வழக்கு நெஜியினுடையது. ஹியூகா என்னும் குலத்தில் தலைமை வீடு, கிளை வீடு என இரு பிரிவுகள். கிளை வீட்டுப் பிள்ளைகளின் நெற்றியில் ஒரு முத்திரை பொறிக்கப்படும். தலைமை வீட்டார் கைமுத்திரை ஒன்றினாலேயே அந்நெற்றிக்குரியவனை வதைக்கலாம், கொல்லலாம். நெஜியின் தந்தையும் குலத்தலைவரும் இரட்டைப் பிள்ளைகள். சிறிது பிந்திப் பிறந்த குற்றத்துக்காகத் தந்தை கிளையானார். நான்கு வயதில் மகனும் பொறிக்கப்பட்டான். பிறப்பே விதி, அதனை எவராலும் மாற்ற இயலாது என்று கூறித் திரியும் நெஜியைப் பரீட்சைக் களத்தில் வீழ்த்திய நருட்டோ, தான் ஹொக்காகே ஆனதும் ஹியூகா குலத்தின் நிலையை மாற்றுவேன் என்று சொல்கிறான். 700 அத்தியாயங்களிலும் இதைவிடப் பெரிய வாக்குறுதி எனக்குத் தென்படவில்லை.

614ஆம் அத்தியாயத்தில், நான்காம் நிஞ்ஜாப் போரின் நடுவில், நருட்டோவையும் தலைமை வீட்டு மகள் ஹினாட்டாவையும் காத்து நெஜி இறக்கிறான். இறந்ததும் நெற்றி முத்திரை மறைகிறது.

பதினொருவருள் எழுவர் அவனைப் பிழைக்க வைத்திருந்தனர். ஒருவன் மருத்துவ வித்தையால். ஒருவன் ஈட்டி தைக்கும் இடத்தை இரண்டு அங்குலம் தள்ளி. அவர்களிடம் நேகம் டேற் என்பவரின் கதையைச் சொன்னேன். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரச'னில் கோர்டீலியா இறப்பதைப் பொறாத அவர், 1681இல் அவளை உயிர்ப்பித்து மணமும் முடித்துவைத்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையை ஆண்டது அவருடைய திருத்தமே. சபையோர் கண்ணீரின்றி வீடு சென்றனர். இன்று அதனை மேடையேற்றுவார் அரிது. துயரத்தைத் துடைப்பதற்காக மட்டும் எழுதப்படும் திருத்தம் அவ்வளவே என்று முடித்து, நெஜியின் வழக்கையும் மூடிவிட நினைத்தேன்.

தபாலட்டை பற்றிக் கூறிய அதே மாணவி விடவில்லை. "நெஜி சாகட்டும், சேர். அப்பிடியான ஆக்கள் சாகிறவைதானே. அதுக்குப் பிறகு என்ன நடந்தது? நருட்டோ ஹொக்காகே ஆயிட்டான். ஹினாட்டாவையும் கட்டிட்டான். அந்த முத்திரை என்ன ஆச்சு? ஒருத்தரும் கேக்கேல்லையே."

கடைசித் தொகுதியை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். தலைவனின் மேசை இருக்கிறது. மனைவி, மக்கள் இருக்கின்றனர். போர்க்கால நண்பர் ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்கின்றனர் என்பதற்கும் படமுண்டு. நெஜியின் கல்லறைக்கு மலர் வருகிறது. கிளை வீட்டு நெற்றிகளைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாவினால் ஒருவனின் முத்திரை போயிற்று. சட்டத்தினாலோ கிளர்ச்சியினாலோ ஏனையோரின் முத்திரை போயிற்று என்று ஆசிரியர் காட்டவே இல்லை. நெஜியின் சாவு குற்றமன்று. அது மெய்போலவே இருக்கிறது. அதன் பின்னர் கதை கொண்ட மௌனமே குற்றம். அம்மாணவி கேட்பது ஆறுதலை அன்று. கதை தன் வாயாற் சொன்ன சொல்லை நிறைவேற்றுமாறு கேட்கிறாள். 'லியர்' நாடகத் திருத்தத்தை இதற்கு ஒப்பிட்ட என் அவசரத்தை அன்றே வகுப்பில் ஒப்புக்கொண்டேன். முன்வரிசையார் கைதட்டினர்; ஆசிரியன் தோற்பது அவர்களுக்கு எப்போதும் திருவிழாத்தான்.

அவ்வத்தியாயத்தை எழுதித் தருமாறு அவளிடம் கேட்டிருக்கிறேன். சோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிந்தும் ஒப்புக்கொண்டாள். முத்திரையைத் தலைவன் நீக்குவதா, கிளை வீட்டார் தாமே ஒன்றுகூடி நீக்குவதா என்பதில் இன்னும் முடிவுக்கு வரவில்லையாம். இரண்டு முறை கிழித்துவிட்டாளாம்.

கடைசி வாங்கு மாணவனின் கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. மூலக்கதையில், ஊர் அழியும் வேளையில் நருட்டோவின் உள்ளத்துள் இறந்த தந்தை தோன்றித் தன்னை இன்னாரென உரைக்கிறார். மகன் அவருக்கு ஒரு குத்து விட்டுவிட்டு அழுகிறான். மாணவனின் திருத்தத்திலும் ஒருவர் தோன்றுகிறார். தலைவரல்லர். நரி வந்த இரவில் அதனைத் தடுக்கப் போய் மாண்ட சாதாரண வீரன் ஒருவன். அன்றிரவு குழந்தையைத் தூக்கி வந்தவன். நீ யாருடைய மகன் என்பது எனக்கும் தெரியாது, நீ அழுதாய், தூக்கினேன் என்கிறான். நருட்டோ அவனுக்கும் ஒரு குத்து விடுகிறான், அழுகிறான்.

இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினேன்.