ஆயிரம் அடிக்கு எந்த வயர்?

மாசி 14, ராசிபுரம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாரத தேசமெங்கும் சென்று பாறையைத் துளைத்துக் கீர்த்தி பெற்றுவிட்ட இக்காலத்திலே, எங்கள் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் ஆயிரம் அடிக்குப் போர் போடுவது அதிசயமாக இல்லாமற் போய்விட்டது. ஆயினும் அந்த ஆழத்திற்கு மோட்டாரோடு கூடவே இறங்குகிற வயரைக் குறித்து எவரும் சற்று நேரமேனும் யோசிப்பதாகத் தெரியவில்லை. தங்கை மகன் காட்டில் இன்று 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே தூக்கினார்கள். காயில் கருகியிருந்தது, ஒரே வருஷத்தில் இது இரண்டாம் தடவை. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக்கொண்டிருக்கையில், அவற்றோடு சேர்த்துக் கட்டியிருந்த தட்டை வயரின் நுனியைச் சீவிப் பார்த்தேன்: 2.5 சதுர மில்லிமீட்டர்.

"ரெண்டரை ஸ்கொயர் பதினெட்டு ஆம்பியர் தாங்குமுங்க, மோட்டாரு இழுக்கறது பதினொண்ணுதானுங்களே" என்றார் எலக்ட்ரிஷியன். அவர் சொன்னதில் பிழையில்லை. வயருக்கு ஒரு சேதமும் இல்லை, மோட்டார்தான் கருகிற்று.

மாசி 15

மின்சாரத்தைத் தாங்குவது ஒரு விஷயம், அதைக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு விஷயம் என்பதை மாப்பிள்ளைக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 ஓம் தடை. ஆயிரம் அடியாகிய 300 மீட்டருக்கு 2.4 ஓம், அதை 11 ஆம்பியராலும் மும்முனைக்குரிய 1.73 என்னும் எண்ணாலும் பெருக்கினால் 45 வோல்ட் வழியிலேயே நஷ்டம். பவர் ஃபாக்டரையும் சேர்த்துப் பார்த்தால் இது சற்றுக் குறையும். ஆனால் ஆறுதல் கொள்ளுமளவுக்குக் குறையாது.

"ஸ்டார்ட்டர் பெட்டியில மீட்டர் 380 காட்டுதுங்களே மாமா?" என்று கேட்டான். பெட்டி காட்டுவது தரைமேல் உள்ள வோல்டேஜை. பாதாளத்தில் கிடக்கும் மோட்டாருக்குக் கிடைப்பது 335, 340 என்ற அளவே. 415 வோல்ட்டுக்கென்று செய்த மோட்டாரின் சுழற்றும் வலிமை வோல்டேஜின் வர்க்கத்தை ஒட்டிக் குறையுமாகையால், உத்தேசமாக மூன்றில் இரண்டு பங்கு வலிமையோடு அது முழுப் பாரத்தையும் தூக்க முயல்கிறது. முயன்று, அதிக ஆம்பியர் இழுத்து, உஷ்ணமேறி, காயிலை இழக்கிறது.

படகுகளில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மோட்டாருக்கு வயர் தேர்ந்தெடுக்கும் கடலோடிகளுக்கும் இதே விசாரந்தான். அங்கே பாட்டரி 12 வோல்ட். ஒரு வோல்ட் குறைந்தாலே நூற்றுக்கு எட்டுப் பங்கு போயிற்று. போகும் வயர், திரும்பும் வயர் இரண்டின் நீளத்தையும் கூட்டிக் கணக்கிடவேண்டும். நாமக்கல் லாரிப் பட்டறைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை: 24 வோல்ட் பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அவர் இழுக்கும் வயரின் கனத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மாசி 17, சேலம்

கடைத்தெருவில் விலை விசாரித்தோம். 4 சதுர மில்லிமீட்டரில் 28 வோல்ட் போகும், நூற்றுக்கு ஏழு. 6 சதுர மில்லிமீட்டரில் 19, அதாவது ஐந்துக்குள் அடங்கும். விலை வித்தியாசத்தைக் கேட்டதும் மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. கரண்ட் காசு கொடுத்து வாங்குவதாயிருந்தால் இந்தத் தயக்கம் வராதென்பது என் அபிப்பிராயம். 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைப்பது பெரும் உபகாரமே. எனினும் மெல்லிய வயரில் வீணாகும் 870 வாட் எந்த பில்லிலும் ஏறாமல் போவதால், அந்தச் செலவு நம் கண்ணுக்குப் புலப்படாமல் ரீவைண்டிங் கடைக்கும், மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலிக்கும், தண்ணீரின்றி வாடிய பயிருக்குமாகப் பிரிந்து போய்விடுகிறது. வயரை மட்டும் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை; குழாய் முழுவதையும் கழற்றித்தான் ஆகவேண்டும்.

6 சதுர மில்லிமீட்டரே வாங்கினோம். வயர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஹெச்.பி.யை மாத்திரம் சொல்லாமல், மோட்டார் இறங்கும் அடிக்கணக்கையும் ஸ்டார்ட்டர் பெட்டி வரையுள்ள தூரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், 5 ஹெச்.பி., ஆயிரம் அடி என்றால் ஆறுக்குக் குறைந்து எடுக்கவேண்டாம்.